வீட்டருகே வாழும் சின்ன ஆந்தைகள்: தேடுவது எப்படி, இனம் காண்பது எப்படி

மைனா அளவே உள்ள ஓர் ஆந்தை, மரப்பட்டையின் நிறத்தில், பொந்தின் வாயில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு நேர் கீழே தினமும் நடந்து போகிறவர் வருடக்கணக்கில் அதைப் பார்க்காமலே இருக்கலாம். ஆந்தை ஒளிந்துகொள்வது மட்டும் இதற்குக் காரணமில்லை. நாம் தேடும் முறையும் தவறு. கண்ணை நம்பித் தேடுகிறோம். சின்ன ஆந்தையைத் தேட முதலில் காது வேண்டும், அப்புறம் பொறுமை வேண்டும். கண்ணுக்கு வேலை கடைசியில்தான்.

அந்த வரிசையிலேயே போகலாம்.

முதலில் உங்கள் பகுதியின் பட்டியல்

சின்ன ஆந்தை என்று இங்கே சொல்வது ஏறக்குறைய 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளவற்றை. உலகின் மிகச் சிறிய ஆந்தைகளில் ஒன்றான எல்ஃப் ஆந்தை சுமார் 40 கிராம்தான் இருக்கும். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் சகுவாரோ கள்ளிச்செடிகளில் மரங்கொத்தி குடைந்த ஓட்டைகளில் அது கூடு வைக்கிறது. இந்தியாவில் வீட்டுப் பக்கம் அதிகம் தென்படும் புள்ளி ஆந்தை சுமார் 21 சென்டிமீட்டர்.

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆந்தை இனங்கள் இருக்கின்றன என்றதும் மலைக்க வேண்டாம். ஓர் ஊரில், வீடுகள் இருக்கும் பகுதிக்கு வரக்கூடிய சின்ன ஆந்தைகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று இனங்களுக்குள் அடங்கிவிடும். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் உங்கள் மாவட்டத்தையோ வட்டாரத்தையோ தேர்ந்தெடுத்தால் அங்கே பதிவான பறவைகளின் பட்டியல் வரும். அதிலிருந்து ஆந்தைகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் கையேட்டைப் புரட்டினால், வேறு கண்டத்தில் வாழும் ஆந்தையின் படத்தைப் பார்த்து ‘இதேதான்’ என்று முடிவு கட்டிவிட வாய்ப்புண்டு.

ஒன்று மட்டும் கவனம். அரிய இனங்களின் இருப்பிடத்தை அந்தத் தளம் வேண்டுமென்றே மறைத்து வைக்கும். எனவே பட்டியலில் இருக்கும் பறவைக்குத் துல்லியமான இடம் காட்டப்படவில்லை என்றால் அதைத் தேடித் துருவ வேண்டாம்.

குரலைப் படித்துக்கொள்ளுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆந்தையின் குரலையும் வீட்டில் இருக்கும்போதே கேளுங்கள். பறவை ஒலிகளைச் சேகரித்து வைத்திருக்கும் ஜெனோ-கான்டோ தளத்தில் ஒரே இனத்தின் பல பதிவுகள் கிடைக்கும். ஒன்றோடு நிறுத்தாமல் நான்கைந்தைக் கேட்பது நல்லது. ஆண், பெண், குஞ்சு, பயந்த பறவை, துணையை அழைக்கும் பறவை என்று ஒவ்வொன்றின் சத்தமும் வேறு.

குரல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்காப்ஸ் என்னும் சிறு ஆந்தை வகையைச் சேர்ந்த இலங்கையின் செரெண்டிப் ஸ்காப்ஸ் ஆந்தையைச் சொல்லலாம். 1995-இல் பறவையியலாளர் தீபால் வரகாகொட மழைக்காட்டில் ஒரு குரலைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த எந்தப் பறவையின் குரலோடும் அது பொருந்தவில்லை. பறவை கண்ணில் பட்டது 2001-இல். 2004-இல் அது அறிவியலுக்குப் புதிய இனம் என்று முறையாக விவரிக்கப்பட்டது. அந்தக் காட்டின் மற்றக் குரல்களையெல்லாம் அவர் அறிந்திருந்ததால்தான், அறியாத ஒன்று வந்தபோது அதைப் பிரித்துக் கேட்க முடிந்தது.

குரலை எழுத்தில் குறிப்பது கஷ்டம்தான். ஆனால் நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் மறக்காது. ஒற்றைக் குரலா, தொடரா? ஒரு குரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நொடி? தொடராக இருந்தால் போகப் போக வேகம் கூடுகிறதா? சத்தம் மென்மையா, கரகரப்பா?

இந்தக் கேள்விகளுக்கு இனங்கள் எப்படி விடை தருகின்றன என்று பாருங்கள். புள்ளி ஆந்தையின் குரல் கரகரப்பானது. ‘சிர்ர், சிர்ர், சிர்ர்’ என்று தொடங்கி ‘சீவக், சீவக்’ என்று முடியும். ஒன்று ஆரம்பித்தால் துணையும் சேர்ந்துகொள்ளும், இரண்டு பறவைகள் சண்டை போடுவதாகவே தோன்றும். இந்திய ஸ்காப்ஸ் ஆந்தை இதற்கு நேர்மாறு. தவளை கத்துவதைப் போல் மென்மையாக ‘வட்?’ என்று ஒரே ஒரு சத்தம். விட்டு விட்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி போல முடியும். ஐரோப்பாவில் வாழும் யுரேசிய ஸ்காப்ஸ் ஆந்தை இரண்டு, மூன்று நொடிக்கு ஒரு முறை ஒரே சுருதியில் சீட்டியடிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள காட்டுச் சிற்றாந்தை ‘காவோ, காவோ’ என்று நிதானமாகத் தொடங்கி, வேகம் கூடிக்கொண்டே போகும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் ஸ்கிரீச் ஆந்தை குதிரை கனைப்பதைப் போல் நடுங்கி இறங்கும் ஒரு குரலும், ஒரே சுருதியில் நீளும் அதிர்வொலி ஒன்றும் வைத்திருக்கிறது. அங்கேயே உள்ள சா-வெட் ஆந்தை ‘டூ-டூ-டூ’ என்று நிறுத்தாமல் கூவும்.

எப்போது, எங்கே நிற்பது

சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, இருட்டிய பிறகு ஒரு மணி நேரம் வரை நில்லுங்கள். விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரமும் நல்லது, ஊர்ச் சத்தம் அப்போது குறைவு. காற்றடிக்கும் நாளிலும் மழை பெய்யும் நாளிலும் போவதில் பயனில்லை. ஆந்தை கூவுவதும் குறையும், கூவினாலும் நமக்குக் கேட்காது. இனப்பெருக்கக் காலத்திலும் அதற்குச் சற்று முன்பும்தான் அதிகம் கூவும். புள்ளி ஆந்தைக்கு அது பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

இடம் என்று பார்த்தால், சின்ன ஆந்தைக்குத் தேவை மூன்று: ஒரு பொந்து, உட்கார்ந்து பார்க்க ஓர் இடம், கீழே பூச்சியும் எலியும் கிடைக்கும் திறந்த தரை. பழைய மரம், பாழடைந்த சுவர், ஓட்டுக்கூரையின் இடுக்கு எல்லாம் பொந்துக்கு ஆகும். அதன் பக்கத்திலேயே புல்வெளியோ வயலோ தோட்டமோ காலி மனையோ இருந்தால் அங்கே நின்று பாருங்கள். தெருவிளக்கைச் சுற்றி அந்துப்பூச்சி மொய்க்கும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். விளக்கின் வெளிச்சத்துக்குச் சற்று வெளியே, மின்கம்பியில் குட்டையாக ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும். பூச்சி பறந்ததும் பாய்ந்து பிடித்துக்கொண்டு திரும்பி வந்து அமரும்.

ஓரிடத்தில் நின்றால் அங்கேயே நில்லுங்கள். நடந்துகொண்டே தேடுகிறவருக்குத் தன் செருப்புச் சத்தம்தான் கேட்கும். பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்றால் ஆந்தை உங்களைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைத் தொடங்கும். குரல் வந்ததும் ஓடாதீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் காதுக்குப் பின்னால் குவித்து, தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். சத்தம் இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும்போது ஆந்தை உங்கள் முகத்துக்கு நேரே இருக்கிறது. சில அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி இதையே செய்தால், இரண்டு திசைகளும் சந்திக்கும் மரம் எது என்று தெரிந்துவிடும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் அந்தி வெளிச்சத்தை மனதில் வைத்து வாங்குங்கள். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்றால் 5 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. பையில் போட்டுக்கொள்ளும் 10×25 என்றால் 2.5 தான். பகலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். இருட்டத் தொடங்கிய பிறகு சின்னக் கருவியில் வெறும் கரிய நிழல்தான் தெரியும்.

பகலில் மற்றப் பறவைகளே காட்டிக்கொடுக்கும்

என்னைக் கேட்டால், ஆந்தை பகலில் தங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழியே கிடையாது. சிறு பறவைகளுக்கு ஆந்தை எதிரி. பகலில் ஓர் ஆந்தை கண்ணில் பட்டுவிட்டால் கொண்டைக்குருவி, தையல்சிட்டு, கரிச்சான், தவிட்டுக்குருவி என்று பல இனங்கள் ஒன்றுகூடி அதைச் சூழ்ந்துகொண்டு கத்தித் தீர்க்கும். வழக்கமாக ஒன்றோடொன்று சேராத பறவைகள், ஒரே கிளையைப் பார்த்து, இடத்தை விட்டு நகராமல் கத்துகின்றன என்றால் அங்கே போய்ப் பாருங்கள். பாம்பாகவோ பூனையாகவோ இருக்கலாம். ஆனால் கத்தல் தரையை நோக்கி இல்லாமல், அடர்ந்த இலைக்கூட்டத்தையோ மரப்பொந்தையோ நோக்கி இருந்தால் ஆந்தையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்த தடயம் தரையில். ஒரே கிளைக்குக் கீழே சுண்ணாம்பு தெளித்ததுபோல் எச்சம் படிந்திருந்தால் நிமிர்ந்து பாருங்கள். அங்கேயே உமிழ் உருண்டையும் கிடக்கலாம். ஆந்தை பெரும்பாலும் இரையை முழுதாக விழுங்குகிறது. செரிக்காத முடி, எலும்பு, வண்டின் ஓடு எல்லாம் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளியே வரும். அதில் எச்சத்தின் நாற்றம் இருக்காது. பூச்சியை அதிகம் தின்னும் சின்ன ஆந்தையின் உருண்டை தொட்டாலே உதிரும். உள்ளே வண்டின் சிறகுறையும் வெட்டுக்கிளியின் கால்களும் பளபளக்கும். எலி தின்றிருந்தால் சாம்பல் முடிக்குள் சின்னத் தாடை எலும்பு, பல்லோடு அப்படியே கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதில் கிருமி இருக்கலாம்.

கண்ணில் பட்டதும் எந்த வரிசையில் பார்ப்பது

ஆந்தை உட்கார்ந்திருக்கும் நேரம் கொஞ்சம்தான். நிறத்தில் தொடங்கினால் அந்த நேரம் வீணாகும். ஸ்காப்ஸ் ஆந்தைகளிலும் ஸ்கிரீச் ஆந்தைகளிலும் ஒரே இனத்தில் சாம்பல் நிறப் பறவையும் உண்டு, செம்பழுப்புப் பறவையும் உண்டு. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும். உடல் அளவும் ஏமாற்றும். குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக இருக்கும் ஆந்தை, பயந்தால் மெலிந்து நீண்டு உடைந்த கிளைக்கட்டைபோல் ஆகிவிடும். பெரும்பாலான இனங்களில் பெண்தான் பெரியது என்பதும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் தலை. காதுக்குஞ்சம் இருக்கிறதா? குஞ்சம் என்பது வெறும் இறகுதான், கேட்கும் காது தலையின் பக்கத்தில் இறகுக்குள் இருக்கிறது. ஸ்காப்ஸ், ஸ்கிரீச் வகைகளுக்குக் குஞ்சம் உண்டு. புள்ளி ஆந்தை, ஐரோப்பாவின் சின்ன ஆந்தை (லிட்டில் அவுல் என்ற பெயருள்ள தனி இனம்), மிகச் சிறிய பிக்மி ஆந்தைகள், சா-வெட் ஆகியவற்றுக்கு வட்டத் தலை. குஞ்சத்தைப் படிய வைத்துக்கொள்ளவும் முடியும் என்பதால், தெரியவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாவது கண். கருவிழியைச் சுற்றி மஞ்சளா, கரும்பழுப்பா? இந்திய ஸ்காப்ஸ் ஆந்தைக்குக் கண் கரும்பழுப்பு. அதே பகுதியில் இருக்கும் ஓரியண்டல் ஸ்காப்ஸ் ஆந்தைக்கு மஞ்சள். இரண்டையும் பிரிக்க இது நல்ல அடையாளம். ஆனால் இருட்டில் கண்மணி விரிந்து மஞ்சளை ஏறக்குறைய மூடிவிடும். அதனால் ‘கறுப்புக் கண்’ என்று இரவில் எடுத்த முடிவை, அந்தி வெளிச்சத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மார்பும் வயிறும். கோடுகள் குறுக்காகவா, நெடுக்காகவா? அல்லது புள்ளியா? காட்டுச் சிற்றாந்தைக்கு உடல் முழுக்க நெருக்கமான குறுக்குக் கோடுகள், தலையிலும் முதுகிலும்கூட. புள்ளி ஆந்தைக்கு முதுகும் தலையும் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் அறுந்து அறுந்து போகும் பழுப்புக் குறுக்குக் கோடுகள், கழுத்தில் வெளிறிய பட்டை, கண்ணுக்கு மேல் தடித்த வெள்ளைப் புருவம். ஸ்காப்ஸ் வகைகளுக்கு மெல்லிய கரிய நெடுங்கோடுகள்.

நான்காவது உச்சந்தலையும் பிடரியும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. இந்தியாவின் வன ஆந்தை என்னும் பாரஸ்ட் ஆவ்லெட் 1884-க்குப் பிறகு உறுதியாக யாருக்கும் தென்படவில்லை. 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷகாதா அருகே பறவையியலாளர் பமீலா ரஸ்முசனும் அவரோடு சென்றவர்களும் அதை மறுபடி கண்டார்கள். அதையும் புள்ளி ஆந்தையையும் பிரிக்கும் அடையாளங்களில் ஒன்று உச்சந்தலைதான். புள்ளி ஆந்தைக்கு அங்கே நிறையப் புள்ளிகள், வன ஆந்தைக்கு ஏறக்குறைய இல்லை. பிக்மி ஆந்தைகளுக்குப் பிடரியில் இரண்டு கரும்பொட்டுகள் வெள்ளை விளிம்போடு பொய்க்கண்களாக இருக்கும். திரும்பி உட்கார்ந்திருந்தாலும் நம்மைப் பார்ப்பதாகவே தோன்றும்.

கடைசியில் நடத்தை. பொந்தின் வாயில் புள்ளி ஆந்தை இருக்கும்போது சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். முதலில் உங்களை முறைக்கும். பிறகு தலை சட்டென்று தாழும், எழும், பக்கவாட்டில் நகரும், மறுபடி தாழும். உடம்பு அப்படியே இருக்கும். ஆந்தையின் கண் குழாய் வடிவில் மண்டையோட்டில் பொருந்தியிருப்பதால் அதை உருட்ட முடியாது. தலையை வேறு வேறு இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அது அளக்கிறது. கழுத்தில் 14 எலும்புகள் இருப்பதால் தலை 270 பாகை வரை திரும்பும். பறக்கும்போது புள்ளி ஆந்தையும் ஐரோப்பாவின் சின்ன ஆந்தையும் மரங்கொத்தியைப்போல் ஏறி இறங்கி, அலை அலையாகப் போகும். இருட்டில் நிழலுருவமாகத் தெரிந்தாலும் இதைக் கவனிக்க முடியும். தரையில் நீண்ட கால்களோடு பட்டப்பகலில் நிற்பது அமெரிக்காக்களின் வளை ஆந்தை. அது நிலத்தின் வளைகளில் வாழ்கிறது, அடையாளம் காண்பதும் சுலபம்.

ஆந்தை என்று நினைக்க வைப்பவை

தவளைதான் முதல் குழப்பம். ஐரோப்பாவில் யுரேசிய ஸ்காப்ஸ் ஆந்தையின் சீட்டியும் மருத்துவச்சித் தேரையின் குரலும் அனுபவசாலிகளையே திணறடிக்கும். சத்தம் தாழ்வாக, நீர் இருக்கும் பக்கமிருந்து, பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் தவளையாக இருக்கலாம். உயரத்திலிருந்து வந்து, சற்று நேரத்தில் வேறு மரத்துக்கு மாறினால் ஆந்தை.

பக்கி என்னும் இரவுப் பறவை இன்னொன்று. டார்ச் வெளிச்சத்தில் சாலையில் சிவப்பாக மின்னும் கண்ணோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். நீண்ட இறக்கை, சின்ன அலகு. நிமிர்ந்து உட்காராது. ஆட்காட்டிக் குருவியும் இரவில் கத்தும். வெள்ளை வயிறும் இதய வடிவ முகமுமாகப் பெரியதாகப் பறந்து போனால் அது கூகை, சுமார் 35 சென்டிமீட்டர், நம் பட்டியலில் வராது. ஆனால் கட்டடத்துக்குள்ளிருந்து இரவெல்லாம் குறட்டையும் சீறலும் கலந்த சத்தம் வந்தால் கூகைக் குஞ்சுகள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிவைச் சேமித்து, மறுநாள் நிதானமாக மற்றப் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே பெயரை எழுதுங்கள். எந்த நேரம், எந்த மரம், என்ன குரல், எத்தனை பறவை என்று குறிப்பு வைத்தால், ஒரு பருவம் போனதும் அந்த இணையின் எல்லை உங்களுக்கே பிடிபடும். சின்ன ஆந்தைகளில் பல, வருடம் முழுவதும் ஒரே வட்டாரத்தில் இருப்பவை.

அதற்குத் தொல்லை வராமல்

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைப்பது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று நினைத்து, அடைகாப்பதையும் இரை தேடுவதையும் விட்டுவிட்டு அது வந்து நிற்கிறது. சின்ன ஆந்தையைப் பிடித்துத் தின்னும் பெரிய ஆந்தைக்கும் அந்தப் பதில் குரல் கேட்கும். நான் முன்பு சொன்ன மாதிரி நின்று காத்திருந்தால் அது தானாகவே கூவும்.

டார்ச்சை முகத்தில் நேராக அடிக்காமல், ஒளியைத் தரையில் விழவிட்டு ஓரத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஆந்தை கண்ணை இடுக்கிக்கொண்டு உடலை ஒடுக்கினாலோ, உங்களையே விடாமல் பார்த்தாலோ, நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள். பொந்து இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். கூட்டம் வந்தால் அந்த இணை கூட்டைக் கைவிடக்கூடும்.

எலிக்கு வைக்கும் விஷம் ஆந்தையையும் கொல்லும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷத்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் தளர்ந்து திரியும். அதைத்தான் ஆந்தை சுலபமாகப் பிடிக்கும். ஆந்தை வரும் வீட்டில் பொறிக்கூண்டு வைப்பதே சரி. பட்டுப்போன மரத்தை, விழும் ஆபத்து இல்லையென்றால் நிற்க விடுங்கள், அதன் பொந்தில் ஒரு குடும்பம் இருக்கலாம்.

கூட்டிலிருந்து இறங்கிய குஞ்சு கீழே கிடந்தால் உடனே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டை விட்டுக் கிளைக்கு வருவது பல ஆந்தைக் குஞ்சுகளுக்கு இயல்பு. தாய் பக்கத்தில்தான் இருக்கும், இருட்டியதும் இரை கொண்டுவரும். நாயோ பூனையோ வண்டியோ வரும் இடமாக இருந்தால், துணியால் மெதுவாக எடுத்துப் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. காயம் இருந்தாலோ, ஈ மொய்த்தாலோ, இறக்கை ஒரு பக்கம் தொங்கினாலோ மட்டும் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைத்து, தண்ணீரோ பாலோ புகட்டாமல், வனத்துறைக்கோ பறவை மீட்பு மையத்துக்கோ போன் செய்யுங்கள்.